மானிப்பாய்க்கு வந்த டொக்ரர் கிறீன்



வந்த நாட்டில் பாஷை பழகுவது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பகல் முழுக்க மெசினோடு நின்றுவிட்டு, இரவு வகுப்பில் போயிருந்து ஆங்கிலம் படிக்கிற எங்கள் ஆட்கள் மார்க்கத்தில் எத்தனையோ பேர். இதே சிரமத்தை மறுபக்கமாகப் பட்ட ஒருவரைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். அவர் எங்கள் ஊருக்கு வந்து எங்கள் பாஷையைப் பழகியவர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் படித்து 1845 இல் பட்டம் பெற்றார். 1847 இல் அமெரிக்க மிசன் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது.  அடுத்த வருடமே மானிப்பாயில் வைத்தியம் பார்க்கவும், எங்கள் இளைஞருக்கு மேலைத்தேச வைத்தியம் படிப்பிக்கவும் தொடங்கிவிட்டார்.

அவர் தன் சமயத்தைப் பரப்பவும்தான் வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. எங்களிற் பலருக்கு அதில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கைதான் அவரை இவ்வளவு பாடுபட வைத்தது.

முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். அப்படிப் படித்தவர்கள் ஊரில் நில்லாமல் உத்தியோகம் தேடிப் போனார்கள். தமிழில் படித்தால் கிராமத்திலேயே நின்று வைத்தியம் பார்ப்பார்கள் என்று எண்ணி, 1864 முதல் தமிழில் படிப்பித்தார். அதற்கு வேண்டிய புத்தகங்களை மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். 1867 இல் ‘இரண வைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்று ஒவ்வொன்றாக வெளிவந்தன. தமிழ்ச் சொல் இருந்தால் அதை எடுத்தார். இல்லாவிட்டால் வடசொல். அதுவும் கிடையாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு மாற்றினார். கெமிஸ்தம் என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

1857 இல் தாய்நாடு போனவர், 1862 இல் மார்கிரற் என்பவரைக் கலியாணம் முடித்து, அவவையும் கூட்டிக்கொண்டு மானிப்பாய்க்குத் திரும்பினார். 1873 இல் ஊரைவிட்டுப் போன பிறகும் தமிழை விடவில்லை. வூஸ்ரரில் இருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்தார். 1884 இல் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றே அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறது. மானிப்பாயில் அவர் பெயரில் வைத்தியசாலை இன்றும் இருக்கிறது.

“பிள்ளையள் தமிழ் படிச்சு என்ன செய்யப்போகுதுகள்?” வேலையிடத்தில் சாப்பாட்டு நேரம் நான் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கனடாவில் தமிழ் சோறு போடாது என்பது உண்மைதான். கிறீனும் சோற்றுக்காகத் தமிழ் படிக்கவில்லை. முன்னாலிருந்த நோயாளிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், அதனால் படித்தார். எங்கள் வீடுகளிலும் தமிழ் மட்டுமே தெரிந்த அம்மம்மா, அப்பப்பா இருக்கிறார்கள். அவர்களின் கையைப் பிடித்து, எங்கே நோகுது என்று கேட்கப் பேரப்பிள்ளைக்கு ஒரு சொல் வேண்டாமா?

பிள்ளையைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.