ஷோகேஸைத் திறவுங்கள்



நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கோபத்தோடு எழுதுகிறேன், ஆனால் யாரையும் பெயர் சொல்லித் தாக்கவில்லை. தொப்பி அளவாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

நோன்புப் பெருநாள் அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஆறு கண்ணாடிக் கிளாஸில் சர்பத் கொடுத்தேன். பூவேலை செய்த, அடி தடித்த, கொஞ்சம் பாரமான பழைய கிளாஸ்கள். சொந்தக்காரர் ஒருவர் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ், டுபாயா?" என்று கேட்டார். "இல்லை, வவுனியாவில் பழைய சாமான் கடையில் வாங்கினது. ஆறும் 900 ரூபாய்" என்றேன். அவர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கிளாஸை மேசையில் வைத்தார். "யாரோட எச்சிலோ. மௌத்தானவங்கட சாமானோ தெரியாது. டீச்சருக்கு சம்பளம் போதாட்டி எங்கள்ட்ட கேட்டிருக்கலாமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பின்னேரம் அது குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கும் போய்விட்டது.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பெருநாளும் அதுவுமாக வீட்டுக்கு வந்தவரோடு வாக்குவாதம் செய்யக்கூடாது. இப்போது ஹஜ்ஜுப் பெருநாள் வரப்போகிறது. அதற்கு முன்னர் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, எச்சில். கல்யாண மண்டபத்தில் நீங்கள் சாப்பிடும் பீங்கானில் அதற்கு முன் எத்தனை நூறு பேர் சாப்பிட்டிருப்பார்கள்? கொழும்புக்குப் போகும் வழியில் ஹோட்டலில் பிளேன்டீ குடிக்கிறீர்களே, அந்தக் கிளாஸ் உங்களுக்காகப் புதிதாக வாங்கியதா? எல்லாவற்றுக்கும் மேலாக நாங்கள் சஹனில் சாப்பிடுகிற சமூகம். ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து, ஒருவர் கை பட்ட சோற்றை மற்றவர் எடுத்துச் சாப்பிடுவதை பரக்கத் என்கிறோம். அந்த வாயால் கழுவிய கிளாஸை எச்சில் என்று சொல்லலாமா? கண்ணாடி எதையும் உறிஞ்சி வைத்திருக்காது. சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போதும். பழைய பிளாஸ்டிக் கோப்பையில்தான் கீறல்களுக்குள் அழுக்குப் போய் ஒளியும். அதை நாங்கள் யோசிக்காமல் பாவிக்கிறோம்.

இரண்டாவது, சம்பளம். ஆம், போதாது. 2022க்குப் பிறகு எந்த ஆசிரியரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆனால் நான் அந்தக் கிளாஸை வாங்கியது காசில்லாமல் அல்ல. நல்ல பொருள் என்று கண்டு வாங்கினேன். சிக்கனம் வெட்கப்படவேண்டிய விடயம் என்று எங்களுக்கு யார் சொல்லித்தந்தது? தங்கப் பாத்திரத்திலும் வெள்ளிப் பாத்திரத்திலும் உண்பதையும் குடிப்பதையும்தான் மார்க்கம் தடுத்திருக்கிறது. பழைய கண்ணாடியைத் தடுக்கவில்லை. கடன்பட்டுப் புதுச் செட் வாங்குவதை எங்கேயும் சுன்னத்தாகச் சொல்லவுமில்லை.

இப்போது ஷோகேஸுக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்களில் வீடு முழுமையடையாமல் பூசாத சுவரோடு இருக்கும், ஆனால் ஹோலில் ஷோகேஸ் இருக்கும். அதற்குள் கிளாஸ் செட்டுகள், கேத்தல் செட், பழக்கோப்பை. கதவுக்குப் பூட்டு. திறப்பு உம்மாவின் அலுமாரிக்குள். பெருநாளைக்கு விருந்தாளி வந்தால் கடைக்குப் பிள்ளையை அனுப்பிக் கடதாசிக் கப் வாங்குகிறோம். ஷோகேஸுக்குள் ஐம்பது கிளாஸ். மேசையில் கடதாசிக் கப். இதைவிடப் பெரிய விளையாட்டு வேறு உண்டா?

என் சாச்சி ஒருவர் குவைத்தில் பல வருடம் வீட்டுவேலை செய்தார். வரும்போது ஒரு கிளாஸ் செட் கொண்டுவந்தார். பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் தன்னுடைய உடுப்புக்குள் சுற்றி, உடையாமல் கொண்டுவந்து சேர்த்தார். அடுத்தவர் வீட்டில் அப்படிப்பட்ட கிளாஸை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தன் வீட்டில் அதில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. "மகள்ட கல்யாணத்துக்கு எடுப்பம்" என்றார். கல்யாணத்துக்கு மண்டபத்துச் சாமான் வந்தது. "பேரப்பிள்ளை பிறந்தா எடுப்பம்" என்றார். சாச்சி மௌத்தாகி நாற்பது நாள் கழிய, தெருவால் வந்த பழைய சாமான் லொறிக்கு அந்தச் செட் போனது. பதிலுக்கு இரண்டு பிளாஸ்டிக் பேசின். ஒரு பேசின் அடுத்த மாரிக்கு முன்னமே வெடித்துவிட்டது.

பழைய சாமான் கடைக்குக் கிளாஸ் எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் கேட்டவர்களே, இப்படித்தான் வருகிறது. நாங்கள் பேசினுக்கு மாற்றுகிறோம். கொழும்பில் அதைக் கழுவித் துடைத்து, படம் பிடித்து, பழமையான பொருள் என்று முகநூலில் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதை வாங்குகிறவரை நாகரிகமானவர் என்கிறோம். வவுனியாவில் வாங்கின டீச்சரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டம். "யாருடைய வீட்டுச் சாமானோ?"

இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கமாட்டேன். வேறு ஊரில் என்றால் தட்டிக்கழிக்கலாம். வன்னியில் முடியாது.

1990 ஒக்டோபரில் எங்கள் குடும்பம் தண்ணீரூற்றை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு எட்டு வயது. புலிகள் போகச் சொன்னார்கள், போனோம். வடக்கு முழுவதும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். உம்மும்மா அடுப்படிக் கதவைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த அலுமாரிக்குள் அவருடைய பீங்கான்களும் பச்சை நிறக் கண்ணாடிக் கோப்பைகளும் இருந்தன. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தபோதும் திறப்பு அவரிடம்தான் இருந்தது. வீடுகளில் விட்டுவந்த சாமான்கள் எடுக்கப்பட்டதும் விற்கப்பட்டதும் எங்களுக்குப் பிறகு தெரியவந்தது. கூரையும் கதவும் யன்னலும்கூட. யாரோ ஒருவர் எங்கள் உம்மும்மாவின் கோப்பையைக் குறைந்த விலைக்கு வாங்கியிருப்பார். நல்ல பேரம் என்று சந்தோசப்பட்டும் இருப்பார்.

2009இல் எங்கள் தமிழ் அயலவர்களுக்கு அதே கதி. கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு இடமாக ஓட ஓட, முதலில் கட்டிலை விட்டார்கள், பிறகு தையல் மெசினை, பிறகு பானை சட்டியை. கடைசியில் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மெனிக் பாமில் கூடாரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் குடும்பமே மாறி மாறிப் பாவித்த கதையை என் சக ஆசிரியை ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டுக்குள் இருந்தவையும் இல்லை.

அதனால்தான் வன்னி வீடுகளில் பழைய கண்ணாடிப் பொருள் அரிது. பாட்டி வைத்த கிளாஸ் என்று காட்ட எங்களில் எத்தனை பேரிடம் ஒன்று இருக்கிறது?

இந்தக் காரணத்துக்காகவே பழைய சாமான் கடையில் நான் வாய்மூடி வாங்குவதில்லை. "இது எங்க இருந்து வந்தது?" என்று கேட்பேன். என்னுடைய ஆறு கிளாஸும் கொழும்பில் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போன ஒரு குடும்பத்தின் சாமானோடு லொறியில் வந்தவை என்று கடைக்காரர் சொன்னார். அவர் முழிசினாலோ, கதையை மாற்றினாலோ திருப்பி வைத்துவிடுவேன். பின்னொரு நாள் யாராவது வந்து "இது எங்கட உம்மாட" என்று அடையாளம் சொன்னால், காசு வாங்காமல் கொடுப்பேன். அதுவரை அது என்னிடம் இருக்கும் அமானிதம். கேட்டு வாங்குவது வேறு, அருவருத்து ஒதுக்குவது வேறு. என் சொந்தக்காரர் கேட்டது உரிமையாளரைப் பற்றி அல்ல. தன் அந்தஸ்தைப் பற்றி.

கடதாசிக் கப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2017இல் ரெஜிபோம் பெட்டியும் லஞ்ச் சீட்டும் தடை. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, ஸ்ட்ரோ தடை. நாங்கள் என்ன செய்தோம்? கடதாசிக் கப்புக்கு மாறினோம். அதன் உள்பக்கத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பெருநாள் முடிந்த மறுநாள் காலையில் எங்கள் ஒழுங்கையைப் பாருங்கள். மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

குப்பையைவிடப் பெரிய விடயமும் இருக்கிறது. பெருநாளைக்கு எங்கள் வீட்டு வட்டிலப்பத்துக்குத் தமிழ் அயலவர்கள் வருகிறார்கள். முன்வீட்டு அக்கா வருவார், பிள்ளைகளின் டியூசன் சேர் வருவார். வீட்டு ஆட்களுக்குக் கிளாஸ், அவர்களுக்குக் கடதாசிக் கப். கழுவச் சோம்பல் என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்த மண்ணில் தேநீர்க்கடைகளில் சாதி பார்த்துத் தனிக் கோப்பை கொடுத்த காலம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கே போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தனிக் கோப்பை என்றால் என்னவென்று அனுபவித்த குடும்பங்கள் எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. நாங்கள் குடிக்கும் அதே கிளாஸை அவர்கள் கையில் கொடுப்பதை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை. 1990ஐயும் 2009ஐயும் பற்றி மேடையில் பேசும் நல்லிணக்கத்தைவிட அது மேல்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே பழைய கிளாஸ் தேடி அலையும் ஒரு கூட்டமும் கிளம்பும். அவர்களுக்கும் சொல்லவேண்டும். மேசையைப் படம் எடுத்து முகநூலில் போடுவதற்காக வாங்கினால், ஷோகேஸ் முகநூலுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தேவைக்கு வாங்குங்கள். ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், சிராய்ப்பு இருந்தால் வேண்டாம். வெள்ளைப் படலம் இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு. வினாகிரியில் ஊறவைத்தால் போய்விடும். போகாவிட்டால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது.

அசல் கிறிஸ்டல் கிடைத்தால் கவனம். 1670களில் லண்டனில் ரவென்ஸ்குரொப்ட் என்பவர் கண்ணாடியில் ஈயம் சேர்த்து அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்தார். பழைய கிறிஸ்டலில் 24 சதவீதமோ அதற்கு மேலோ ஈய ஒட்சைட்டு இருக்கும். கையில் பாரமாக இருக்கும், நகத்தால் தட்டினால் மணி போல் நீண்டு ஒலிக்கும், வெட்டுகள் கூராக இருக்கும். அச்சில் வார்த்த சாதாரணக் கண்ணாடி "டக்" என்று நிற்கும், பக்கத்தில் பொருத்துக்கோடு தெரியும். கிறிஸ்டலில் தேசிக்காய்த் தண்ணீர், பழச்சாறு போன்ற புளிப்பானவற்றை ஊற்றி வைக்காதீர்கள். ஈயம் கரைந்து இறங்கும். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் குடிக்கவே கொடுக்காதீர்கள். என்னுடைய ஆறும் வார்த்த கண்ணாடி. தட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். என்னிடம் ஒரே ஒரு கிறிஸ்டல் கிண்ணம் இருக்கிறது, அதில் பேரீச்சம்பழம் வைப்பேன்.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். ஷோகேஸைத் திறவுங்கள். உம்மா உயிரோடு இருக்கும்போதே திறவுங்கள். அந்தக் கிளாஸை எந்த நாட்டிலிருந்து, எந்த வருடம், எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தார் என்று கேளுங்கள். முதலாவது சர்பத்தை அதில் ஊற்றி அவர் கையில் கொடுங்கள். ஒன்று உடைந்தால் உடையட்டும். நாங்கள் அதைவிடப் பெரியவற்றை இழந்துவிட்டு வந்தவர்கள்.

வட்ஸ்அப் குழுவில் சிரித்தவர்களுக்கும் அழைப்பு உண்டு. அதே ஆறு கிளாஸ்தான் மேசையில் இருக்கும். கழுவித்தான் வைத்திருப்பேன்.

வஸ்ஸலாம்.