பேரைக் கேட்காதே, ரத்தத்தைப் பார்

அரசு நம்பிக்கை மையத்துக்கு எச்.ஐ.வி. சோதனைக்குப் போகிறவரிடம் ரத்தத்துக்கு முன்னால் கேட்கப்படுவது பேர். அப்புறம் அப்பா பேரோ புருஷன் பேரோ. அப்புறம் விலாசம், போன் நம்பர். இதிலென்ன இருக்கு, ரேஷன் கடையிலும்தான் கேட்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் தெருப் பேரை வைத்தே சாதியைச் சொல்லிவிடுகிற நாட்டை அறியாதவர்கள். விலாசத்தில் 'காலனி' என்று வந்துவிட்டால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லதுதான். ஆனால் தாலுகா ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதுகிறவருக்கு ஊர் எது, சேரி எது என்று சொல் இல்லாமலே தெரியும்.

'எல்லாம் ரகசியமாக வைக்கிறோம்' என்பது அரசின் பதில். ரகசியம் வேறு, பெயரின்மை வேறு என்பதைத் தோழர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். ரகசியம் என்றால் நம் பேர் அவர்கள் கையில் இருக்கிறது, வெளியே சொல்லமாட்டோம் என்கிறார்கள். பெயரின்மை என்றால் பேர் அவர்கள் கைக்கே போகவில்லை. முன்னதற்கு அவர்களுடைய யோக்கியதை வேண்டும். பின்னதற்கு அது தேவையில்லை. ரத்தக் குழாயில் எண்தான் ஒட்டுகிறார்கள் என்பது உண்மை. அந்த எண் யாருடையது என்பது பக்கத்திலிருக்கிற நோட்டில் இருக்கிறதே! தண்ணீர்க் குழாயிலும் டீக்கடை கிளாஸிலும் ஏற்கனவே ஒரு தீண்டாமையைச் சுமக்கிறவனுக்கு இரண்டாவது தீண்டாமையையும் சேர்த்துச் சுமக்க வைக்க, ஒரு வார்த்தை கசிந்தால் போதும்.

இந்த அவநம்பிக்கை வானத்திலிருந்து வந்ததல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா, அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் எடுத்தார். விஞ்ஞான வரலாற்றில் அது பெரிய காரியம். ஆனால் எந்தச் சோதனைக்காக எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. ஏதோ மேகநோய்க்குப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு, தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்களைக் காப்பகத்தை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், 1990இல், கதவு திறந்தது. கோவாவில் 1989இல் டொமினிக் டிசூஸா என்ற இளைஞர் செய்த ஒரே காரியம் ரத்ததானம் கொடுத்தது. சோதனை முடிவு வந்ததும் போலீஸ் வந்தது. 64 நாள் தனியே அடைத்து வைத்தார்கள். சோதனை என்றால் நம்மைப் பிடித்து வைப்பதற்கான வழி என்று ஜனங்கள் பயந்தால், அந்தப் பயத்தைக் கற்றுக்கொடுத்தது அரசுதான்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். பேர் இல்லாத சோதனை இந்த நாட்டுக்குத் தெரியாத சங்கதி அல்ல. 1998இலிருந்து நாடு தழுவி நடந்த கண்காணிப்புக் கணக்கெடுப்பில், மாசமாக இருக்கிற பெண்களிடம் வேறு சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மீதியைப் பேரை நீக்கிவிட்டுச் சோதித்தார்கள். பல ஆண்டு இப்படித்தான் நடந்தது. முடிவு சர்க்காருக்குப் போனது, அந்தப் பெண்ணுக்குப் போகவில்லை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது, வேலையிலும் படிப்பிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சட்டத்திலும் பெயரின்மை வருவது கணக்கெடுப்புக்காகத்தான். தனக்காகச் சோதித்துக்கொள்ள வருகிறவர் பேர் சொல்லாமலிருக்க அதில் உரிமை எழுதப்படவில்லை. அரசுக்கு எண்ணிக்கை வேண்டுமென்றால் பேர் வேண்டாம், நமக்கு உயிர் வேண்டுமென்றால் பேர் வேண்டும். இது என்ன நியாயம்?

பேர் கேட்காவிட்டால் ஆட்கள் வருவார்களா? வருவார்கள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் பேர் சொல்லாமலும் சோதித்துக்கொள்ளலாம் என்று வழி திறந்துவிட்டதும் நடந்ததை 1988இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. சோதனைக்கு வந்தவர்கள் மொத்தத்தில் 50 சதவீதம் கூடினார்கள். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 125 சதவீதம், பாலியல் தொழிலாளிப் பெண்களில் 56 சதவீதம். மற்றவர்களிடத்தில் அதைவிடக் குறைவு. யாருக்கு அவமானம் அதிகமோ அவர்களுக்கே பெயரின்மை அதிகம் பயன்படுகிறது. சேரி ஜனங்களை இந்தக் கணக்கில் எங்கே வைப்பது என்று சொல்லத் தேவையில்லை.

'பேர் இல்லாவிட்டால் தொற்று உள்ளவரை எப்படித் தேடி மருந்து கொடுப்பது' என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க முடியாது. சாத்தூரைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டியிருக்கு. 2018 டிசம்பரில் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளியே வந்தது. அந்த ரத்தம் கொடுத்த இளைஞர் 2016லேயே ஒருமுறை ரத்தம் கொடுத்திருந்தார். தொற்று அப்போதே தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பிறகு வெளிநாட்டு வேலைக்காகச் சோதித்தபோது தெரிந்துகொண்டு, அவரே வந்து ஆஸ்பத்திரியில் சொன்னார். கடைசியில் விஷம் குடித்து உயிரை விட்டார். பேர் இருந்தது, விலாசம் இருந்தது. தேடிப் போனது யார்? தேடுவதற்குப் பேர் போதாது, அக்கறை வேண்டும். முடிவு வாங்க வருகிறவரை மனுஷராக நடத்தி, மருந்து எங்கே கிடைக்கும் என்று சொல்லி, கூடவே ஒருவர் போனால், மருந்து மையத்தில் அவரே தன் பேரைச் சொல்லுவார்.

காலமும் மாறியிருக்கு. 1990களில் சோதனை முடிவு என்பது தீர்ப்பு மாதிரி. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தாம்பரம் உள்ளிட்ட 8 மையங்களில் தொடங்கியது. 2017இலிருந்து தொற்று தெரிந்த உடனே மருந்து என்பது கொள்கை. ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்தால், உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. ஆகவே இன்றைக்குப் பயந்து சோதிக்காமல் இருப்பவர் இழப்பது ஆயுசு. வாசலில் உட்கார்ந்திருக்கிற நோட்டு அந்த ஆயுசைத் தடுக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை சில. ஒவ்வொரு நம்பிக்கை மையத்திலும் எண் மட்டும் போதும் என்கிற சோதனை வேண்டும். ஆதாரோ வேறு அடையாள அட்டையோ கேட்கக்கூடாது. தன் ஊரில்தான் சோதிக்க வேண்டும் என்று எவரையும் திருப்பி அனுப்பக்கூடாது. ஆலோசகர் வேலையில் சேரியிலிருந்து படித்து வந்தவர்களும், தொற்றோடு வாழ்கிறவர்களும் இருக்க வேண்டும். கசியவிட்டவர் மீது 2017 சட்டப்படி நடவடிக்கை வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. இதை ஒழுக்கப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட்டு, நிலம், கூலி, இட ஒதுக்கீடு மட்டும்தான் அரசியல் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நம் உடம்பைத் தொட மறுத்தவனே நம் உடம்பைப் பற்றிய தகவலை நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறான். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் போய், பேர் சொல்லாமல் சோதனை செய்வீர்களா என்று கேளுங்கள். மறுத்தால், எந்தச் சட்டத்தின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.