குழந்தை பார்க்கும் பெண்களுக்கு விதிக்கப்படும் தோற்ற நிபந்தனைகள் குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர், திருவண்ணாமலை.
வழி: தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்), திருவண்ணாமலை.
அனுப்புநர்: ஜவ்வாது மலையிலிருந்து வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் சங்கம், ஜமுனாமரத்தூர்.
பொருள்: வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரவும், சுகாதாரத்துக்குத் தொடர்பற்ற தோற்ற விதிகளைத் தடுக்கவும் வேண்டுதல்.



சாமையும் தேனும் புளியும் ஆண்டு முழுவதற்கும் சோறு போடாததால் எங்கள் மலை மக்கள் வேலை தேடிக் கீழே இறங்குவது தாங்கள் அறிந்ததே. முகவர் வாய்ச்சொல்லை நம்பிப் போவது எதில் முடியலாம் என்பதை 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழரைக் காவல்துறை சுட்டுக் கொன்றபோது நாடே பார்த்தது. இறந்தவர்களில் எங்கள் மலைக்காரர்களும் இருந்தனர். வேலூர், சென்னை, பெங்களூரு வீடுகளில் கைக்குழந்தை பார்க்கப் போகும் பெண்களுக்கு அத்தகைய ஆபத்து இல்லை. ஆனால் அந்த வேலையும் வாய்ச்சொல்லில்தான் நடக்கிறது. சம்பளம் பேசுமுன் முழு உருவப் படம் கேட்கிறார்கள். நிறமும் பல்வரிசையும் கையில் பச்சை குத்தியிருக்கிறதா என்பதும் விசாரிக்கப்படுகின்றன. சேர்ந்த பிறகு பூ வைக்காதே, எண்ணெய் தடவிப் பின்னாதே, பூங்காவுக்குப் போகும்போது சீருடை போடு என்று ஒவ்வொன்றாக வருகின்றன. இவற்றில் எது நியாயம், எது இல்லை என்று அரசு கோடு கிழிக்க வேண்டும்.

எல்லா நிபந்தனையும் தவறு என்பது எங்கள் வாதமல்ல. நகத்தை ஒட்ட வெட்டுவது, குழந்தையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கூந்தலை முடிந்துகொள்வது, பிஞ்சு உடம்பைக் கீறக்கூடிய மோதிரத்தையும் ஊக்கையும் கண்ணாடி வளையலையும் கழற்றி வைப்பது, புகையிலை போடாதிருப்பது ஆகியவற்றைக் கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு. சொல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை அவை. அதே குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளும் பாட்டிக்கும் ஒரு விதி பொருந்துமா என்று கேட்டுப் பார்த்தால் கோடு தெரிந்துவிடும். பொருந்தினால் அது குழந்தையின் நலம் பற்றியது. வேலைக்கு வந்தவருக்கு மட்டும் என்றால் வீட்டாரின் அந்தஸ்தைப் பற்றியது. பாட்டி தலையில் மங்கலமாக இருக்கும் மல்லிகை, ஆயா தலையில் மட்டும் ஒவ்வாமை தரும் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். நிறத்துக்கும் பச்சைக்கும் குழந்தையின் உடல்நலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

மருத்துவமனையிலும் விமானத்திலும் சீருடை இருக்கிறதே என்பார்கள். அங்கே நூறு பேர் நடுவில் யார் செவிலியர் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டும். வீட்டில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், குழந்தைக்கு அவர் முகம் தெரியும். சீருடை அடையாளம் காட்டுவது அக்கம்பக்கத்தாருக்கு மட்டுமே. மேலும், அங்கே விதி எழுத்தில் இருக்கிறது. முதல்முறை கருவுற்றாலே விமானப் பணிப்பெண்ணின் வேலை போகும் என்ற ஏர் இந்தியா விதியை 1981இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்ய முடிந்ததற்கு, அது ஏட்டில் இருந்ததும் ஒரு காரணம். சமையலறையில் வாயால் சொன்ன உத்தரவை எந்த நீதிமன்றத்துக்கு எடுத்துப் போவது?

வீடு என்பது அந்தரங்கம், அதற்குள் அரசுக்கு என்ன வேலை என்பது அடுத்த மறுப்பு. அரசு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைத்ததும் 2018இல் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்ததும் இதே தமிழ்நாடு அரசுதான். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பழங்குடியினருக்கு வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பது போன்ற செயல்களைக் குற்றமாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. பூ வைக்காதே என்பதை அதோடு சமமாக வைக்க நாங்கள் முற்படவில்லை. ஆனால் ஒருவர் உடம்பில் பிறர் விருப்பத்தைத் திணிப்பது அவமதிப்பாகக் கூடும் என்பதைச் சட்டம் ஏற்றிருப்பதை நினைவூட்டுகிறோம்.

கட்டுப்பாடு வந்தால் ஆளெடுப்பது குறையும், மலைப் பெண்களுக்கே நட்டம் என்ற எச்சரிக்கையை எளிதில் தள்ள முடியாது. அந்த அச்சம் எங்கள் உறுப்பினர்களுக்கும் உண்டு. அதனால்தான் இப்போதைக்குத் தண்டனை கேட்கவில்லை, தாள் கேட்கிறோம். ஊதியம், நேரம், விடுப்பு, உடை பற்றிய விதி அனைத்தும் வேலைக்குக் கிளம்புமுன் தமிழில் எழுதித் தரும் மாதிரிப் படிவம் ஒன்றைத் தொழிலாளர் துறை வெளியிட வேண்டும். அதில் இல்லாத தோற்ற நிபந்தனையைக் காரணம் காட்டிச் சம்பளம் பிடிக்கக் கூடாது, வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. சீருடை வேண்டுமென்றால் துணிக்கும் தையலுக்கும் வீட்டாரே செலவு செய்யட்டும். சத்தீஸ்கர் 2013இலும் ஜார்க்கண்ட் 2016இலும் தனியார் முகவர்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றின. பழங்குடிப் பெண்கள் நகர வீடுகளுக்குப் போகும் மாநிலங்கள் அவை. அதுபோன்ற சட்டத்துக்குத் தாங்கள் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதுவரை, இம்மலையில் ஆளெடுக்கும் முகவர்கள் ஜமுனாமரத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயர் பதியவும், நிறமோ உருவமோ பார்த்து ஆள் தேர்ந்தெடுக்கப் படம் கேட்பதை நிறுத்தவும் ஆணையிடுமாறும், நல வாரியப் பதிவு முகாமை மலையிலேயே நடத்துமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
ஜமுனாமரத்தூர்

நகல்: திட்ட அலுவலர், பழங்குடியினர் நலம், திருவண்ணாமலை.