ஒரு வெற்றியும் ஒன்பது ஆட்டங்களும்

விளையாட்டுப் பக்கம் என் பொறுப்பில் இருந்த நாட்களில், அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டச் செய்திகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவேன். (பந்தை உதைப்பதே அபூர்வமான அந்த ஆட்டத்திற்கு அப்படியொரு பெயர் ஏன் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.) அவற்றை ஆர்வத்துடன் வாசிக்க வைத்தது யூட்டா பல்கலைக்கழக அணியின் கதையாகும்.

அங்கே பல்கலைக்கழகங்கள் 'கொன்பரன்ஸ்' எனப்படும் குழுக்களாகக் கூடி விளையாடுகின்றன. பலம் குறைந்ததாகக் கருதப்பட்ட மவுன்டன் வெஸ்ட் குழுவிலிருந்த யூட்டா, 2008ஆம் ஆண்டுப் பருவத்தில் 13 ஆட்டங்களிலும் வென்றது. 2009 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் அது வீழ்த்தியது சாதாரண அணியை அல்ல, அலபாமாவை. புள்ளிகள் 31–17. 2011இல் அது பசுபிக்-12 குழுவில் சேர்க்கப்பட்டபோது, இனி என்ன கவலை என்றே பலரும் எண்ணியிருப்பர்.

ஆனால் 2012இலும் 2013இலும் யூட்டாவுக்குக் கிடைத்தவை தலா 5 வெற்றிகளும் 7 தோல்விகளுமே. 2013 ஒக்டோபரில், அவ்வாண்டு குழுவின் சம்பியனாகவிருந்த ஸ்டான்போர்டை அது தோற்கடித்தது. அடுத்த ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது!

இதில் முரண்பாடு ஏதுமில்லை. ஒரு பெரிய அணியை ஒரு நாள் வெல்வதற்கு நல்ல திட்டமும் சிறந்த முதல் வரிசையும் போதும். அத்தகைய அணிகளை ஒரே பருவத்தில் ஒன்பது முறை சந்திப்பதாயின், காயமுற்றவரின் இடத்தில் இறங்கும் இரண்டாவது வீரரும் அவருக்குச் சமமானவராக இருக்க வேண்டும். குறிப்பாக, முன்வரிசையில் மோதும் பருத்த உடல்வாகினரை ஓராண்டில் உருவாக்கிவிட முடியாது. பள்ளி முடித்து வரும் பதினெட்டு வயது இளைஞன் உடல் தேறுவதற்கே இரண்டு, மூன்று ஆண்டுகள் செல்லும். அன்றைய விதிப்படி ஓரணிக்கு 85 புலமைப்பரிசில்களே. எனவே, புதிய குழுவின் பெயரைச் சொல்லித் திரட்டிய வீரர்களால் அணி முழுவதும் நிறைவதற்கு நான்கைந்து பருவங்கள் தேவை. போதாக்குறைக்கு, தொலைக்காட்சி வருமானத்தில் யூட்டாவுக்கு ஆரம்பத்தில் முழுப் பங்கும் தரப்படவில்லை.

இத்தகைய வேளைகளில் பயிற்சியாளரின் தலை உருள வேண்டும் என்று எழுதுவது எங்கள் தொழிலின் வழக்கம். நானும் எழுதியிருக்கிறேன். யூட்டா நிர்வாகமோ 2005இலிருந்து பொறுப்பிலிருந்த கைல் விட்டிங்ஹாமை விலக்கவில்லை. 2014இல் 9 வெற்றிகள் வந்தன. 2021, 2022 ஆகிய இரு பருவங்களிலும் யூட்டாவே பசுபிக்-12 சம்பியன்.

அதே 2011இல் பிக் டென் குழுவுக்குச் சென்ற நெப்ராஸ்கா, 2014இல் 9 வெற்றிகளும் 3 தோல்விகளும் பெற்றிருந்த நிலையில் தன் பயிற்சியாளரை வெளியேற்றியது. நிர்வாகத்துடன் அவருக்கு வேறு பிணக்குகளும் இருந்தன என்பது உண்மைதான். ஆயினும் 2017 முதல் 2023 வரையிலான ஏழு பருவங்களில் ஒன்றிலேனும் நெப்ராஸ்காவின் வெற்றிகள் தோல்விகளை விஞ்சவில்லை.