ஹாப்ஸ் நட மே கடைசிவரை காத்திருக்க வேண்டுமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வீட்டுத் தோட்டத்தில் ஹாப்ஸ் கொடி வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: "கடைசி உறைபனி போகட்டும், அப்புறம் நடுங்கள்." பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற இந்தக் கொடியைத் தோட்டத்தில் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. தாய்ச்செடியிலிருந்து பருக்களோடு வெட்டியெடுத்த நிலத்தடித் தண்டைத்தான், கரும்புக் கரணை நடுவதுபோல நடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் விற்பனைக்கு வரும் அந்தக் கரணையை மே கடைசிவரை குளிர்சாதனப் பெட்டியில் பூட்டி வைப்பது நிதானமான யோசனையாகத் தோன்றலாம். உண்மையில் அது செடியின் முதல் ஆண்டைத் தின்றுவிடுகிறது. காத்திருக்கச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "உறைபனி கரணையைக் கொன்றுவிடும்."

கொல்லாது. ஹாப்ஸ் குளிர்நாட்டுக் கொடி. வட அமெரிக்காவின் ஆற்றோரங்களில் தானாகவே வளர்வது. இலையுதிர் காலத்தில் மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் காய்ந்துபோகும். அடிக்கட்டை மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெளியே மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் மினசோட்டாக் குளிர்காலத்தைத் தாண்டுகிற செடிக்கு, ஏப்ரல் இரவின் உறைபனி ஒரு பொருட்டல்ல. உறைபனி கருக்குவது வெளியே தலைநீட்டிய பச்சைத் தளிரைத்தான். 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் நட்ட கரணை, குளிர்ந்த மண்ணில் முளைத்து மேலே வரவே சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் உறைபனிக் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

தளிர் கருகினாலும் கதை முடிவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் மற்றப் பருக்கள் முளைக்கும். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பகுதி விளையும் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில், வளர்ந்த செடிகளின் முதல் தளிர்களை விவசாயிகளே நீக்கிவிடுகிறார்கள். அவசரமாகக் கிளம்பும் அந்தத் தண்டுகள் உள்ளே கூடாக இருக்கும், எளிதில் ஒடியும். அடிக்கட்டையில் குளிர்காலத்தைக் கழித்த அடிச்சாம்பல் நோயும் அவற்றோடுதான் மேலே வரும். பிறகு வரும் தளிர்களைத்தான் மே மாதத்தில் கயிற்றில் ஏற்றுகிறார்கள். புதிதாக நட்ட கரணைக்கு அவ்வளவு சேமிப்பு கிடையாது என்பது சரி. அதற்கு உறைபனி இரவில் தளிர்மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து, காலையில் எடுத்துவிட்டால் போதும். அதற்காக ஒரு மாதத்தை இழக்க வேண்டியதில்லை.

2. "குளிர்ந்த மண்ணில் அழுகிவிடும்."

இதில் பாதி உண்மை இருக்கிறது. கரணை அழுகும், ஆனால் காரணம் நீர் தேங்குவது. பனி உருகிய தண்ணீர் வடியாத களிமண்ணில் காற்றில்லாமல் கிடந்தால் எந்தக் கரணையும் கெட்டுப்போகும், மே மாதமானாலும் சரி. எனவே பார்க்க வேண்டியது மண்ணின் பதம். மண்வெட்டி தடையில்லாமல் இறங்குகிறதா? ஒரு பிடி மண்ணை உருட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் நடலாம். விரலில் ஒட்டிக்கொண்டு பளபளத்தால் சில நாள் பொறுத்துத் திரும்பப் பாருங்கள். களிமண் நிலமென்றால் மக்கிய எரு கலந்து மேட்டுப்பாத்தி போட்டு நடுவதே நிரந்தரத் தீர்வு.

3. "காத்திருப்பதால் நட்டம் ஒன்றுமில்லை."

நட்டம் இருக்கிறது. விரல் தடிமனில், பழுப்புத் தோலோடு வரும் கரணையில் இருப்பது போன ஆண்டு சேர்த்துவைத்த உணவு மட்டுமே. குளிர்சாதனப் பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்தால் பருக்கள் இருட்டிலேயே வெளுத்த முளைகளாக நீளும். பையைப் பிரிக்கும்போதே நுனி ஒடியும். ஈரம் குறைந்தால் தோல் சுருங்கும், கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். மண்ணில் வேர்விடச் செலவாக வேண்டிய உணவு பைக்குள் வீணாகிறது.

அதைவிடப் பெரிய நட்டம் வெயில். ஹாப்ஸ் கொடி போதிய கணுக்கள் விட்டபிறகு, பகல் குறையத் தொடங்கும்போது பூக்கும். மினியாபோலிஸில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். அதன் பிறகு குறைந்துகொண்டே போகும். ஏப்ரலில் நட்ட செடி அந்த நீண்ட பகல்களை இலையோடு வரவேற்கும். மே கடைசியில் நட்டது அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருக்கும். முதல் ஆண்டில் காய்ப்பு குறைவு என்பதால் தாமதம் பரவாயில்லை என்பார்கள். முதல் ஆண்டின் வேலையே வேர் பிடிப்பது. அடுத்த ஆண்டின் கொடிக்கு முதலீடு அந்த வேர்தான்.

4. "தொட்டியில் முளைக்கவைத்து, பிறகு நடலாமே."

மண் இன்னும் உறைந்திருக்கும்போது கரணை வந்து சேர்ந்துவிட்டால் இது நல்ல வழி. ஆனால் வீட்டுக்குள் கதகதப்பில் வளர்ந்த இளந்தளிருக்கு உறைபனியைத் தாங்கும் திறன் கிடையாது. கடைசி உறைபனிக்காகக் காத்திருக்க வேண்டியது இந்தச் செடிதான். வெளியே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியபிறகே நட வேண்டும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் பொருந்துகிற இந்த விதியை, உறக்கத்தில் இருக்கும் கரணைக்கும் அப்படியே நீட்டியதால் வந்த குழப்பமே இத்தனையும்.

மினியாபோலிஸ் பக்கம் பல ஆண்டுகளில் ஏப்ரல் நடுவிலேயே மண் பதத்துக்கு வந்துவிடும். வடக்கே போகப் போகத் தள்ளிப்போகும். எந்த ஊராக இருந்தாலும், பதம் வந்த அன்றே நடுங்கள்: பரு மேலே பார்க்கட்டும், ஒரே ரகத்துக்குள் 3 அடி இடைவெளி, ரகம் மாறினால் 5 அடி, மேலே மெல்லிய வைக்கோல் மூடாக்கு. முதல் ஆண்டில் வரும் தளிர் எதையும் வெட்டாதீர்கள்; ஒவ்வோர் இலையும் வேருக்குச் சோறு போடுகிறது.