பள்ளிக் கம்ப்யூட்டருக்குப் பூட்டு: சாவி யாரிடம்?

2017 ஆகஸ்டில் சி.பி.எஸ்.இ. வாரியம் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 'புளூ வேல்' விளையாட்டைப் பற்றிய பீதி நாடெங்கும் பரவியிருந்த நேரம் அது. இணையத்துக்கு வடிகட்டி பொருத்த வேண்டும், வயதுக்கு ஏற்றவை என முன்கூட்டியே தேர்ந்தெடுத்த தளங்களையே அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதுப் பையன் முன் ஆபாசப் படம் வந்து நிற்பதை எந்தப் பெற்றோர் விரும்புவர்? சிக்கல் கருவியில் இருக்கிறது. 1996-ல் இங்கிலாந்தின் ஸ்கன்தார்ப் நகரவாசிகள், ஊர்ப் பெயரை எழுதியதற்காகவே ஏ.ஓ.எல். கம்பெனியின் சேவையில் சேர முடியாமல் திண்டாடினார்கள். அப்பெயரின் நடுவே ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துக்கள் இருந்தன, அவ்வளவுதான் குற்றம்! இன்றைய வடிகட்டிகள் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் வரும் மனித இனப்பெருக்கப் பாடம் அதே வலையில் சிக்கக்கூடியதுதான். விடியோ தளத்தை மொத்தமாக அடைத்தால் சினிமாப் பாட்டோடு கணிதப் பாடமும் போய்விடுகிறது. ஆங்கிலச் சொற்பட்டியலுக்குத் தமிழோ மராத்தியோ தெரியாது என்பதால், தடுக்க வேண்டியது நுழைந்துவிடுவதும் உண்டு.

அமெரிக்காவில் 2000-ல் வந்த சட்டம், மத்திய அரசின் இணையச் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி வைக்க வேண்டும் என்றது. அது அடைக்கச் சொன்னது ஆபாசப் படங்களைத்தான். பள்ளிகளோ வம்பு எதற்கு என்று அதற்கு மேலும் அடைத்தன. நூலகங்கள் தொடர்ந்த வழக்கில், 2003-ல் சுப்ரீம் கோர்ட் சட்டத்தை ஏற்றது. தவறாக அடைபட்ட பக்கத்தைத் திறந்து தரும்படி பெரியவர்கள் நூலகரைக் கேட்கலாம் என்பது அத்தீர்ப்பில் முக்கிய வாதம். மாணவன் யாரைக் கேட்பான்?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கவலையில்லை. பள்ளியில் அடைத்ததை வீட்டில் பார்த்துக்கொள்வான். தாராவியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளியின் மகளுக்கு அப்படியல்ல. வீட்டிலுள்ள ஒரே போன் அப்பாவோடு டியூட்டிக்குப் போய்விடும். 2023-24 அரசுக் கணக்கின்படி நாட்டின் பள்ளிகளில் இணைய வசதி உள்ளவையே 53.9 சதவீதந்தான். கிடைத்த இடத்திலும் பாதி அடைத்திருந்தால் நஷ்டம் அவளுக்கே.

கேந்திரிய வித்யாலயாவிலோ வேறு பள்ளியிலோ பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒன்றைக் கேட்கலாம்: தவறாக அடைபட்ட பக்கத்தைத் திறக்க வகுப்பாசிரியருக்கு அதிகாரம் உண்டா, அல்லது வடிகட்டியை விற்ற கம்பெனிக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டுமா? காத்திருப்பதென்றால் நாற்பது நிமிஷப் பீரியட் அதிலேயே முடிந்துவிடும்.