மூச்சைக் கொண்டாடியது போதும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 25 நெருங்கும்போது ஒரே காணொளித் துண்டு எல்லாத் திரைகளிலும் ஓடத் தொடங்குகிறது. கடற்கரை, ராதிகா, அவருடன் கனத்த உடலும் நிதானமான முகமுமாக எஸ்.பி.பாலசுப்ரமணியம். 1990இல் வெளிவந்த ‘கேளடி கண்மணி’யில் இடம்பெற்ற ‘மண்ணில் இந்தக் காதலன்றி’ பாடற்காட்சி அது. அதன்மேல் ‘மூச்சு விடாமல் பாடிய மேதை’ என்பதுபோல் ஒரு வரி இருக்கும். திரைப்பட ரசிகர்கள் இப்படிப் பகிர்வதில் எனக்கு வழக்கொன்றும் இல்லை. பல்கலைக்கழகத் துறைகளும் இணையக் கருத்தரங்குகளும் அதே வரியை அழைப்பிதழில் அச்சிட்டு அதற்கு ‘ஆய்வு’ என்று பெயர் சூட்டுவதே என் வழக்கு.

இந்தப் புகழுரை முதலில் நாகரிகக் குறைவானது. அவர் 2020 ஆகஸ்ட் 5 அன்று கொரோனா தொற்றுடன் சென்னை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செயற்கைச் சுவாசம், பின்னர் எக்மோ என்று ஏழு வாரங்கள் நுரையீரலோடு போராடி மறைந்தார். அப்படிப் போனவரை ‘மூச்சு விடாமல்’ என்ற சிலேடையால் நினைவுகூர்வதற்கு எந்த அளவு மரத்துப்போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. நாம் பார்ப்பது திரைக்காட்சி. ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்பே பதிவான பாட்டுக்குக் கடற்கரையில் உதடு அசைகிறது. காட்சியில் ஏறி இறங்கும் மார்புக்கும் நம் காதில் விழும் குரலுக்கும் இடையே சுவாசத் தொடர்பு எதுவுமில்லை. நுரையீரல் கொள்ளளவுக்குச் சான்றாக இந்தக் காட்சியைக் காட்டுபவர், நாடகத்தில் குத்துப்பட்டு விழுந்தவருக்கு இரத்தப் பரிசோதனை கேட்பவரைப் போன்றவர். பதிவுநாடாவில் பகுதி பகுதியாகப் பதிந்து இணைக்கும் வசதி அக்காலத்தில் எல்லாக் கூடங்களிலும் இருந்தது. ஆகவே ‘ஒரே மூச்சா, இல்லையா’ என்ற வழக்காடல் பாட்டைப் பற்றிய கேள்வியே அன்று. எட்டாண்டுகள் கழித்து, 1998இல், சங்கர் மகாதேவனின் ‘பிரெத்லெஸ்’ வந்தது. சுமார் மூன்று நிமிடங்களை எந்த மனிதரும் ஒரே மூச்சில் பாட முடியாது. ஆயினும் அந்தப் பாட்டு எவருக்கும் பொய்யாகப் படவில்லை. செவிக்கு வேண்டியது இடைவெளி இல்லாமை மட்டுமே.

எனில் இந்தப் பாட்டில் நிகழ்வது என்ன? மொழியியல் மாணவர்கள் காது கொடுக்க வேண்டிய இடம் இதுதான். பல்லவி வழக்கமான நிறுத்தங்களோடு செல்கிறது. சரணங்களில்தான் ஓட்டம் பிடிக்கிறது. இரண்டாம் சரணத்தின் பெரும்பகுதி எண்ணும்மை. பெயர்களை ‘உம்’ கொடுத்து அடுக்கிக்கொண்டே போகத் தமிழ் இடம் தருகிறது. வினைமுற்று கடைசியில் வந்தால் போதும், அது வரும்வரை வாக்கியம் முடியாது. கேட்பவர் மனம் அந்த முற்றுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைத்தான் நாம் ‘மூச்சடைப்பு’ என்று உணர்கிறோம். மூச்சடைப்பதற்கு முதற்காரணம் தமிழ்த் தொடரமைப்பு. பாடகர் அதை அறிந்து பயன்படுத்துகிறார்.

ஒவ்வொரு ‘உம்’மிலும் உதடு மூடுகிறது. அங்கே ஒரு சிறு ஓய்வைச் செவி எதிர்பார்க்கும். பாலசுப்ரமணியம் அந்த மகரத்தை முடிவாக ஒலிக்காமல் அடுத்த சொல்லின் வாசற்படியாக ஆக்குகிறார். அதோடு அச்சரணத்தில் வல்லினம் இரட்டித்த சொற்கள் நெருங்கி வருகின்றன. தமிழில் இரட்டித்த வல்லினத்தின் அடைப்பு நீளமானது. அந்த நொடித்துணுக்கில் காற்று வெளியேறுவதில்லை. வல்லினத்தைச் சோம்பலாக ஒலிப்பவருக்கு இந்தச் சிக்கனம் கிட்டாது. அடைப்பைத் துல்லியமாக வைத்து, அதைத் தாளத்தின் பகுதியாகவும் ஆக்குவது நாவின் வேலை. இசையமைத்த இளையராஜா சொற்களுக்கிடையே பெருமூச்சுக்கு இடம் வைக்கவில்லை, நாவுக்கு மட்டும் நிறைய இடம் வைத்திருக்கிறார்.

இந்தக் காட்சியை நான் மைல்கல் என்று கருதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பின்னணிப் பாடகரின் குரல் எப்போதும் இன்னொருவர் உடலில் குடியேறும். பாலசுப்ரமணியமோ பாட்டில் மட்டுமன்றிப் பேச்சிலும் குரலை இரவல் கொடுத்தவர். தெலுங்கில் கமல்ஹாசன் பேசியது பெரும்பாலும் அவர் குரலில். ‘காந்தி’யின் தெலுங்கு வடிவில் பென் கிங்ஸ்லிக்கும் அவரே பேசினார். அந்தக் குரல் 44 வயதில், மனைவியை இழந்த நடுத்தர வயதுக்காரராக, தன் சொந்த உடலுக்குத் திரும்பி வந்து காதலைப் பாடுகிறது. இயக்குநர் வசந்தின் முதல் படம் அது. நாயகியின் பெற்றோர் காது கேளாத, வாய் பேசாத இணையர். ஸ்ரீவித்யாவும் பூர்ணம் விஸ்வநாதனும் கைகளால் பேசுகிறார்கள். தமிழ்த் திரையின் மிகப் புகழ்பெற்ற குரல்வித்தை ஒன்று, குரலே எட்டாத ஒரு வீட்டைப் பற்றிய கதைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. இதைப் பற்றி ஒரு கருத்தரங்கக் கட்டுரையையேனும் காண ஆசைப்படுகிறேன். நாமோ விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூனில் மறைந்தபோது உலகம் ‘த்ரில்லர்’ காணொளியை நோக்கித் திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேடு அதைச் சேர்த்துக்கொண்டது. ஊர்கள்தோறும் மக்கள் கூடி அந்த நடனத்தை ஆடினார்கள். ஆடுவதற்கு முன் அடிகளைக் கற்றாக வேண்டும். செய்ததைக் கற்றுக்கொள்வதும் அஞ்சலியே. நம் அஞ்சலியில் கற்க ஒன்றுமில்லை. வியப்பு ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

இந்த வியப்புக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு. ‘தெலுங்கர் என்றே தெரியாது, அப்படியொரு தமிழ்’ என்பது அது. இதைக் கேட்கும்போது பிச்சாட்டூர்க்காரனுக்குக் காது சற்றுக் கூசும். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஆரணியாற்று நீர் அணைதாண்டி ஊத்துக்கோட்டைக்குப் போகும்போது அதன் மொழியை எவரும் கேட்பதில்லை. நாங்கள் போனால் கேட்பார்கள். முதுகலையில் என் வாய்மொழித் தேர்வில் ஒருவர் ‘தெலுங்கு வாடை’ என்று சிரித்தார். அதே நபர் மறுவாரம் பாலசுப்ரமணியத்தின் ழகரத்தை மேடையில் சிலாகித்தார்.

அந்த ழகரம் வானத்திலிருந்து விழவில்லை. பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் அவ்வொலிக்கு எழுத்து இருந்தது, பின்னர் வழக்கொழிந்தது. ஆக, அது அவர் பயின்று பெற்றது. எம்.எஸ்.விசுவநாதன் தமிழ் உச்சரிப்பைச் சீராக்கிக்கொண்டு வருமாறு அனுப்பியதை அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1969இல் ‘அடிமைப்பெண்’ணும் ‘சாந்தி நிலைய’மும் அவரை நம் செவிக்குக் கொண்டுவந்தபோது அந்த உழைப்பு முடிந்துவிடவில்லை. முறையான கர்நாடக இசைப் பயிற்சி இல்லாத அவர் ‘சங்கராபரண’த்துக்காகக் கே.வி.மகாதேவனின் உதவியாளர் புகழேந்தியிடம் பாடல்களைப் பாடம் செய்தார். தேசிய விருதும் பெற்றார். ஆசிரியர்களும் திருத்தங்களும் நிறைந்த அந்த வாழ்க்கை வரலாற்றை ‘அதிசயம்’ என்ற ஒற்றைச் சொல்லால் துடைத்துவிட்டால், திருத்தப்பட்டுக்கொண்டிருக்கும் மாணவனுக்கு அதில் எஞ்சுவது என்ன?

அவர் எந்த மாநிலத்துக்காரர் என்ற சச்சரவும் இங்கேதான் வருகிறது. பிறந்த கோனேட்டம்பேட்டை இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்த எல்லைப்பகுதியின் ஊர்கள் பல 1960 ஏப்ரல்வரை ஆந்திரத்துக்குள் இருந்தவை. பாரத ரத்னா கேட்டுக் கடிதம் எழுதியவர் ஆந்திர முதல்வர். 2021இல் பத்ம விபூஷண் பட்டியலில் பெயர் தமிழ்நாட்டின்கீழ் வந்தது. உடல் தாமரைப்பாக்கத்தில் இருக்கிறது. எல்லைக்கோட்டை வைத்து அவரைப் பங்கிடுவது எங்களுக்குப் பழகிய வேடிக்கை, அதைக் கடந்துபோகலாம்.

வரும் செப்டம்பருக்கு ஏற்பாடு செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த இரண்டாம் சரணத்தைப் பிராட் மென்பொருளில் ஏற்றுங்கள். இரட்டித்த வல்லினங்களின் அடைப்பு நேரத்தையும் ‘உம்’ முடிவுகளின் நீளத்தையும் அளந்து, அவருடைய 1969ஆம் ஆண்டுப் பாடல்களின் அளவுகளோடு அருகருகே வையுங்கள். இருபது ஆண்டுகளில் ஒரு நா எதைக் கற்றது என்பதை மாணவர்கள் கண்ணால் பார்க்கட்டும். எல்லையோரப் பள்ளிகளிலிருந்து இரு மொழியும் பேசும் பிள்ளைகள் சிலரையும் அழையுங்கள், பேருந்துச் செலவு பெரிதாக வராது. அழைப்பிதழில் ‘மூச்சு’ என்ற சொல் இருந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம்.